மதியச் சாப்பாட்டுக்கு விமானத்தில் போகலாமா? கோவளம் மீன் குழம்பும் சிறிய விமான பைலட்டுகளும் - முழு விளக்கம்

கிழக்கு கடற்கரைச் சாலையில் ஞாயிற்றுக்கிழமை மதியம் கார் ஓட்டியவர்களுக்குத் தெரியும், கோவளம் போய் ஒரு மீன் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் பாதி நாள் போய்விடும். அதே நேரம், மீனம்பாக்கத்தில் இருந்து கோவளம் வானில் சுமார் 24 கிலோமீட்டர்தான். நாலு பேர் உட்காரும் சிறிய விமானத்துக்கு அது ஆறேழு நிமிடத் தூரம்.

அப்போ, சொந்த விமானமோ வாடகை விமானமோ ஓட்டத் தெரிந்த ஒருவர், ‘வாங்க, கோவளம் போய் சாப்பிட்டுட்டு வரலாம்’ என்று கிளம்ப முடியுமா? அமெரிக்காவில் முடிகிறது. ஐரோப்பாவில் முடிகிறது. சென்னையில் ஏன் முடியவில்லை? முடியாது என்றால், தமிழ்நாட்டில் அப்படிப் பறந்து போய் சாப்பிடக்கூடிய ஊர்கள் எவை? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

‘நூறு டாலர் ஹாம்பர்கர்’ என்றால் என்ன?

சாப்பாட்டுக்காகவே சிறிய விமானத்தில் போய் வருவதற்கு அமெரிக்க பைலட்டுகள் வைத்திருக்கும் செல்லப் பெயர் இது. பக்கத்து ஊர் விமான நிலையத்துக்கு ஒரு மணி நேரம் பறந்து போய், அங்கே இருக்கும் சின்ன உணவகத்தில் ஒரு பர்கர் சாப்பிட்டுவிட்டு, திரும்பிப் பறந்து வருவது. பர்கர் விலை சில டாலர்தான். ஆனால், எரிபொருளையும் விமான வாடகையையும் சேர்த்தால் நூறு டாலர் ஆகிவிடும் என்பது கிண்டல். இன்றைய விலைவாசியில் நூறு டாலரில் முடியாது. பெயர் மட்டும் அப்படியே நின்றுவிட்டது. ஜான் பர்னர் என்பவர் இதே பெயரில் ஒரு வழிகாட்டிப் புத்தகமே எழுதியிருக்கிறார்.

வெளியில் இருந்து பார்த்தால் இது வசதியானவர்களின் பொழுதுபோக்கு. அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால், இதற்குப் பின்னால் ஒரு நடைமுறைக் காரணமும் உண்டு. லைசென்ஸ் வாங்கிய பைலட் தொடர்ந்து பறக்காவிட்டால் கை மறந்துவிடும். தெரிந்த ஓடுபாதையிலேயே ஏறி இறங்கிக்கொண்டிருந்தால் பழக்கம் வளராது. புதிய ஊர், புதிய ஓடுபாதை, வேறு காற்று, வேறு கட்டுப்பாட்டு அறை என்று போனால்தான் அனுபவம். அதற்கு ஒரு சாக்கு வேண்டும். சாப்பாடு நல்ல சாக்கு.

அமெரிக்காவில் இது சாத்தியமாவதற்கு முக்கியக் காரணம் எண்ணிக்கை. பொதுமக்கள் பயன்படுத்தக்கூடிய விமான நிலையங்கள் மட்டும் அங்கே சுமார் 5,000 இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றில் பயணிகள் விமானமே வராது. சின்ன ஓடுபாதை, பெட்ரோல் பம்ப், ஒரு உணவகம், அவ்வளவுதான்.

உலகில் பேர் பெற்ற இரண்டு சாப்பாட்டு நிறுத்தங்கள்

கேட்டலினா தீவு, கலிஃபோர்னியா: லாஸ் ஏஞ்சலிஸ் கடற்கரைக்கு எதிரே இருக்கும் தீவு. மலை உச்சிகளை வெட்டிச் சமப்படுத்தி அமைத்த ஓடுபாதை, கடல் மட்டத்தில் இருந்து 1,602 அடி உயரத்தில் இருக்கிறது. ‘வானத்தில் இருக்கும் விமான நிலையம்’ என்றே பெயர். இங்கே பேர் பெற்றது காட்டெருமை பர்கர். 1924-ல் ஒரு சினிமா படப்பிடிப்புக்காகக் கொண்டுவரப்பட்ட காட்டெருமைகள் தீவிலேயே தங்கிப் பெருகிவிட்டன. அந்தக் கதையைக் கேட்டுக்கொண்டே சாப்பிடுவது அங்கே வழக்கம். தேய்ந்துபோன ஓடுபாதையை 2019-ல் அமெரிக்கக் கடற்படைப் பிரிவு வீரர்கள் தங்கள் பயிற்சியின் பகுதியாகத் திரும்பப் போட்டுக் கொடுத்தார்கள்.

லெ துக்கே, பிரான்ஸ்: இங்கிலீஷ் கால்வாயின் பிரெஞ்சுக் கரையில் இருக்கும் ஊர். தெற்கு இங்கிலாந்தில் பறக்கக் கற்றுக்கொண்டவர்களுக்கு, கடலைத் தாண்டி லெ துக்கே போய் மதியம் கடல் உணவு சாப்பிட்டுவிட்டு வருவது ஒரு சடங்கு மாதிரி. நாடு விட்டு நாடு போவதால் பாஸ்போர்ட்டும் சுங்க நடைமுறையும் உண்டு. ஒரு சாப்பாட்டுக்கு இவ்வளவு காகிதமா என்று கேட்கலாம். நம்ம ஊர் நடைமுறையைக் கீழே படித்தால் அது எளிது என்று தோன்றும்.

சென்னைக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

இருக்கிறது. அதுவும் பல்லாவரத்தில் இருக்கிறது.

மெட்ராஸ் மவுண்ட் ரோட்டில் ‘ஹோட்டல் டி ஏஞ்சலிஸ்’ என்று ஒரு பிரபல ஹோட்டல் இருந்தது. அதை நடத்தியவர் ஜியாகோமோ டி ஏஞ்சலிஸ், கோர்சிகா தீவில் இருந்து வந்தவர். ரைட் சகோதரர்கள் பறந்து ஏழு ஆண்டுகள்கூட ஆகாத 1910-ல், தானே வடிவமைத்த விமானம் ஒன்றை மெட்ராஸின் சிம்ப்சன் நிறுவனத்தில் செய்யச் சொல்லி, அதைப் பல்லாவரத்தில் பறக்கவிட்டார் என்று சென்னை வரலாற்றை எழுதியவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். பிறகு தீவுத்திடலில் பொதுமக்களுக்கும் பறந்து காட்டினார்.

உலகின் முதல் அதிகாரப்பூர்வ விமானத் தபால் என்று கொண்டாடப்படும் அலகாபாத்-நைனி பயணம் நடந்தது 1911 பிப்ரவரி 18-ல். அதற்கும் முந்தைய ஆண்டே, சாப்பாடு போட்டுப் பிழைத்த ஒரு மனிதர் இன்றைய சென்னைப் புறநகரில் விமானம் ஓட்டியிருக்கிறார். விமானத்தையும் சாப்பாட்டையும் சேர்த்துப் பேச சென்னையை விடப் பொருத்தமான ஊர் இந்தியாவில் இல்லை.

அடுத்த கட்டம் 1932. அக்டோபர் 15-ம் தேதி ஜே.ஆர்.டி. டாடா கராச்சியில் இருந்து அகமதாபாத் வழியாக மும்பைக்கு ஒற்றை இன்ஜின் ‘புஸ் மாத்’ விமானத்தில் தபால் கொண்டுவந்தார். மும்பையில் இருந்து பெல்லாரி வழியாக மெட்ராஸுக்கு அந்தத் தபாலை எடுத்து வந்தவர் நெவில் வின்சென்ட். பின்னாளில் ஏர் இந்தியாவாக வளர்ந்தது இந்தத் தபால் சேவைதான். அதாவது, நம் நாட்டின் விமான சேவை தொடங்கியதே ஊர் ஊராக இறங்கி ஏறும் சின்ன விமானங்களில்தான்.

அதே காலகட்டத்தில் மெட்ராஸ் பிளையிங் கிளப்பும் உருவாகி, மீனம்பாக்கத்தில் இருந்து பல தலைமுறை பைலட்டுகளை உருவாக்கியது.

சரி, கோவளத்தில் விமானம் இறங்க முடியுமா?

நேரடியான பதில்: முடியாது. கோவளத்தில் ஓடுபாதை இல்லை. ‘கடற்கரை மணலே நீளமாக இருக்கிறதே’ என்று கேட்கலாம். அனுமதி பெற்ற இடத்தைத் தவிர வேறு எங்கும் விமானத்தை இறக்கக் கூடாது. அதைத் தாண்டி, கோவளம் மீனவர்கள் படகு நிறுத்தி வலை காயப்போடும் கரை. அலைச்சறுக்கு பழகுபவர்களும் குடும்பத்தோடு வருபவர்களும் கூடும் இடம். 2021-ல் சர்வதேச நீலக்கொடிச் சான்றிதழ் பெற்ற கடற்கரையும்கூட.

இறங்குவதை விடுங்கள், கோவளத்தைச் சுற்றிப் பறப்பதே எளிதல்ல. தென்சென்னைப் புறநகர் வானத்தை ஒரு வரைபடமாக நினைத்துக்கொள்ளுங்கள்.

வடக்கே மீனம்பாக்கம்: நாட்டின் மிகவும் பரபரப்பான விமான நிலையங்களில் ஒன்று. பிரதான ஓடுபாதை மூன்றரைக் கிலோமீட்டருக்கும் மேல் நீளம். ஏர்பஸ், போயிங் விமானங்கள் வரிசையில் நிற்கும்போது, அவற்றின் பாதி வேகத்தில் வரும் சின்ன விமானத்துக்கு நடுவில் இடம் தருவது கட்டுப்பாட்டு அறைக்குச் சிரமம்.

மேற்கே தாம்பரம்: விமானப்படைத் தளம். விமானப்படையில் பயிற்சி கொடுக்கப் போகும் பைலட்டுகளுக்கே பயிற்சி கொடுக்கும் ‘பறத்தல் பயிற்றுநர் பள்ளி’ 1954-ல் அம்பாலாவில் இருந்து இங்கே மாற்றப்பட்டது. சேலையூர், செம்பாக்கம், ராஜகீழ்ப்பாக்கம் பக்கம் குடியிருப்பவர்களுக்குத் தலைக்கு மேல் கேட்கும் பயிற்சி விமானச் சத்தம் பழகிப்போன ஒன்று. ராணுவத் தளம் என்பதால் தனியார் விமானம் நினைத்தபடி இறங்க முடியாது.

தெற்கே கல்பாக்கம்: அணுமின் நிலையமும் அணு ஆராய்ச்சி மையமும் இருக்கும் பகுதி. அதைச் சுற்றிய வானம் தடை செய்யப்பட்ட பகுதி. கடற்கரையை ஒட்டியே ‘ஜாலியாக’ மாமல்லபுரம் தாண்டி புதுச்சேரி வரை பறக்கலாம் என்று யாராவது திட்டம் போட்டால், இந்த இடத்தில் மாட்டிக்கொள்வார்கள்.

கிழக்கே கடல். நடுவில் கோவளம்.

பறந்து வந்து கோவளத்தில் மதியம் சாப்பிட்டவர்களே இல்லையா?

இருக்கிறார்கள். 2019 அக்டோபர் 11-ம் தேதி பிரதமர் மோடி சென்னை விமான நிலையத்தில் இருந்து ஹெலிகாப்டரில் திருவிடந்தைக்கு வந்து, அங்கிருந்து சாலை வழியாகக் கோவளம் போய்த் தங்கினார். அன்று மாலை மாமல்லபுரத்தில் சீன அதிபர் ஷி ஜின்பிங்கைச் சந்தித்தார். மறுநாள் 12-ம் தேதி, கோவளம் தாஜ் ஃபிஷர்மேன்ஸ் கோவ் ஹோட்டலில் பேச்சுவார்த்தையும் மதிய விருந்தும் நடந்தன. அதற்கு முந்தைய ஆண்டு ஏப்ரலில் ராணுவத் தளவாடக் கண்காட்சி நடந்ததும் இதே திருவிடந்தையில்தான். அப்போதும் ஹெலிகாப்டர்கள் வந்து போயின.

இதில் இருந்து தெரிவது ஒன்றுதான். கோவளத்துக்கு வான் வழியாக வர முடியும், ஆனால் ஹெலிகாப்டரில், அதுவும் முன்கூட்டிய அனுமதியோடு. ஞாயிற்றுக்கிழமை காலையில் தோன்றியது, மதியம் கிளம்பிவிட்டோம் என்பது நடக்காது.

அப்படியானால் தமிழ்நாட்டில் எங்கே பறந்து போய் சாப்பிடலாம்?

பயணிகள் விமானம் வந்து போகும் விமான நிலையங்கள் தமிழ்நாட்டில் சென்னை, கோவை, மதுரை, திருச்சி, தூத்துக்குடி, சேலம் என ஆறு. பக்கத்தில் புதுச்சேரி. சூலூர், தஞ்சாவூர் ஆகியவை விமானப்படைத் தளங்கள். அரக்கோணமும் உச்சிப்புளியும் கடற்படைத் தளங்கள். எனவே, சென்னையில் இருந்து கிளம்பும் தனியார் பைலட்டுக்குக் கிடைக்கும் பட்டியல் சின்னதுதான். செஸ்னா 172 மாதிரி நாலு சீட் விமானம் மணிக்குச் சுமார் 220 கிலோமீட்டர் வேகத்தில் போகும் என்று வைத்துக்கொண்டால் கணக்கு இப்படி வரும். தூரம் எல்லாம் நேர்க்கோட்டில்.

புதுச்சேரி - சுமார் 120 கி.மீ., 35 நிமிடம்: ‘நூறு டாலர் பர்கர்’ என்ற யோசனைக்கு நம்ம ஊரில் மிகவும் பொருந்துவது இதுதான். லாஸ்பேட்டை விமான நிலையத்தின் ஓடுபாதை 1,500 மீட்டர். பெரிய விமானங்களுக்குச் சின்னது, செஸ்னாவுக்குத் தாராளம். ஆட்டோ பிடித்தால் கொஞ்ச நேரத்தில் கடற்கரைச் சாலை. மீன் குழம்பு, இறால் தொக்கு ஒரு பக்கம். தேங்காய்ப்பாலும் வினிகரும் சேரும் பிரெஞ்சு-தமிழ் கிரியோல் சமையல் இன்னொரு பக்கம். கோவளத்தோடு அதே 2021-ல் நீலக்கொடி பெற்ற ஈடன் கடற்கரையும் இங்கேதான். கோவளத்துக்குப் பறக்க முடியாதவருக்கு இதைவிட நல்ல ஆறுதல் இல்லை.

சேலம் - சுமார் 265 கி.மீ., ஒன்றேகால் மணி நேரம்: விமான நிலையம் ஓமலூர் பக்கம் காமலாபுரத்தில், நகரத்தில் இருந்து தள்ளி இருக்கிறது. அதுவே ஒரு வசதி. சேலம்-பெங்களூரு நெடுஞ்சாலை பக்கத்திலேயே இருப்பதால், கொங்கு பாணி அசைவச் சாப்பாட்டுக்கு நகருக்குள் போக வேண்டியதில்லை. பள்ளிபாளையம் சிக்கன் பிறந்த பகுதியும் தூரமில்லை. தட்டுவடை செட் சாயங்காலப் பண்டம் என்பதால் மதியம் கிளம்புகிறவர்களுக்குக் கிடைப்பது கஷ்டம். சீசனில் போனால் மல்கோவா மாம்பழம் வாங்கலாம். எவ்வளவு வாங்கலாம் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது, கீழே வருகிறது.

திருச்சி - சுமார் 295 கி.மீ., ஒன்றரை மணி நேரத்துக்குள்: சர்வதேச விமானங்கள் வருவதால் பாதுகாப்பு நடைமுறை அதிகம். ஆனால், நகரம் மிக அருகில். வாழை விளையும் பூமி என்பதால் இலைச் சாப்பாட்டுக்குக் குறைவில்லை. பார்சலுக்கு மணப்பாறை முறுக்கு.

மதுரை - சுமார் 420 கி.மீ., இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு: கறி தோசையும் ஜிகர்தண்டாவும் இழுக்கும். ஆனால், போக வர நாலு மணி நேரம் பறக்க வேண்டும். சாப்பிட்டுவிட்டு இரண்டு மணி நேரம் கண் விழித்து ஓட்ட வேண்டும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு ஆர்டர் செய்ய வேண்டும்.

தூத்துக்குடி - சுமார் 530 கி.மீ., இரண்டரை மணி நேரம்: மீன் சாப்பாடும் முந்திரியும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துச் செய்யும் மக்ரூனும் பேர் பெற்றவை. வாகைக்குளத்தில் இருக்கும் விமான நிலையத்தின் புதிய முனையம் 2025 ஜூலையில் திறக்கப்பட்டது. சென்னையில் இருந்து போய்விட்டு எரிபொருள் நிரப்பாமல் திரும்புவது ஆபத்தான கணக்கு. ஏன் என்பதை அடுத்துப் பார்க்கலாம்.

கிளம்புவதற்கு முன் என்னென்ன வேண்டும்?

கார் மாதிரி சாவி போட்டுக் கிளம்ப முடியாது. சென்னை-புதுச்சேரி பயணத்தையே எடுத்துக்கொள்வோம்.

1. பயணத் திட்டம்: எந்த விமானம், எந்த வழி, எந்த உயரம், எத்தனை பேர், எவ்வளவு எரிபொருள் என்ற விவரங்களோடு முன்கூட்டியே தாக்கல் செய்ய வேண்டும்.

2. வான் பாதுகாப்பு அனுமதி எண்: விமானப்படையின் கண்ணில் இது ‘தெரிந்த விமானம்’ என்று பதிவாக வேண்டும். அதற்கு ஏடிசி எண் என்று பெயர். கட்டுப்பாட்டு அறையையும் சுருக்கமாக ஏடிசி என்றுதான் சொல்வார்கள் என்பதால் புதியவர்கள் குழம்புவது உண்டு. இரண்டும் வேறு. இதோடு விமானத் தகவல் மையம் தரும் எஃப்ஐசி எண்ணும் வேண்டும். நாட்டில் டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை என நாலு இடங்களில் இந்த மையங்கள் இருக்கின்றன.

3. வானிலை: கண்ணால் பார்த்து ஓட்டும் முறையில் பறக்க, பார்வைத் தூரம் 5 கிலோமீட்டரும் மேக அடிமட்டம் 1,500 அடியும் இருக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் பல நாட்கள் இது கிடைக்காது. போகி அன்று காலை சுத்தமாகக் கிடைக்காது. 2018 போகியில் எழுந்த புகையால் சென்னையில் பெரிய விமானங்களே தடுமாறின. ஜனவரி கடைசி முதல் மார்ச் வரை நல்ல சீசன்.

4. வெளிச்சம்: இந்த முறையில் இரவில் ஊர் விட்டு ஊர் பறக்க அனுமதி இல்லை. சூரியன் மறைவதற்குள் திரும்ப வேண்டும். சாப்பாட்டுப் பயணம் என்றாலே அது மதியச் சாப்பாடாக இருப்பதற்கு இதுதான் காரணம். டின்னருக்குப் போனால் ராத்திரி அங்கேயே தங்க வேண்டியதுதான்.

5. எரிபொருள்: பெரிய விமானங்கள் குடிப்பது மண்ணெண்ணெய் வகை எரிபொருள். பிஸ்டன் இன்ஜின் கொண்ட சின்ன விமானங்களுக்கு வேண்டியது ‘ஏவ்கேஸ்’ என்ற தனி பெட்ரோல். நீண்ட காலம் இது முழுக்க இறக்குமதிதான். 2022 செப்டம்பரில்தான் இந்தியன் ஆயில் நிறுவனம் வதோதரா சுத்திகரிப்பு ஆலையில் தயாரித்து அறிமுகப்படுத்தியது. எல்லா விமான நிலையத்திலும் இது கிடைக்காது. இறங்கும் ஊரில் இருக்கிறதா என்று முதலிலேயே கேட்டுவிட வேண்டும். செஸ்னா 172 மணிக்குச் சுமார் 35 லிட்டர் குடிக்கும். டேங்கில் பயன்படுத்தக்கூடியது சுமார் 200 லிட்டர். தூத்துக்குடி போய் வர ஐந்து மணி நேரம் என்றால் 175 லிட்டர். மிச்சம் இருக்கும் 25 லிட்டரில், விதிப்படி வைத்திருக்க வேண்டிய அரை மணி நேரக் கையிருப்பு போக, காற்று எதிர்த்தால் சமாளிக்க எதுவும் மிஞ்சாது.

6. திரும்பி உள்ளே வர: சாப்பிட வெளியே போனவர் திரும்ப விமானத்துக்குப் போக, எல்லோரையும் போல பாதுகாப்புச் சோதனையைத் தாண்டித்தான் போக வேண்டும். லைசென்ஸ், அடையாள அட்டை, பயணத் திட்ட நகல் எல்லாம் கையில் இருக்க வேண்டும். இதற்கும் நேரம் ஒதுக்க வேண்டும்.

நாலு சீட் இருந்தால் நாலு பேர் போகலாமா?

பெரும்பாலும் முடியாது. செஸ்னா 172-ன் புதிய வகை ஒன்று அதிகபட்சம் 1,157 கிலோ எடையோடு கிளம்பலாம். காலி விமானமே சுமார் 760 கிலோ. டேங்க் நிறைய எரிபொருள் போட்டால் அது ஒரு 145 கிலோ. மிச்சம் 250 கிலோ. ஆளுக்கு 80 கிலோ என்றால் மூன்று பேர், பத்து கிலோ பை. அவ்வளவுதான். நாலாவது ஆளை ஏற்ற வேண்டும் என்றால் எரிபொருளைக் குறைக்க வேண்டும். சேலத்தில் ஒரு பெட்டி மாம்பழம் வாங்குவதற்கு முன் போட வேண்டிய கணக்கு இதுதான்.

இன்னொன்று, வெயில். காற்று சூடானால் அடர்த்தி குறையும். இறக்கைக்குத் தூக்கு விசை குறையும், இன்ஜினுக்கும் வலு குறையும். காலை ஏழு மணிக்கு எளிதாக ஏறிய விமானம், மே மாத மதியம் இரண்டு மணிக்கு அதே எடையோடு அதிக தூரம் ஓடித்தான் எழும்பும். கடலோர ஊர்களில் மதியத்துக்கு மேல் கடல் காற்று புகுந்துவிடும். காலையில் இறங்கிய திசை மாறலாம், பக்கவாட்டுக் காற்றும் வரலாம்.

ஓட்டப் போகிறவர் என்ன சாப்பிடக் கூடாது?

முதல் விதி மது. பறப்பதற்கு முந்தைய 12 மணி நேரத்துக்குள் மது கூடாது என்பது இந்திய விதி. அமெரிக்காவில் இது 8 மணி நேரம். புதுச்சேரிக்குப் பறந்து போகிறவர் கூட வந்தவர்களை வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். ‘ஒரே ஒரு பீர்’ என்றாலும் அன்று திரும்ப முடியாது.

இரண்டாவது, வயிறு. மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறையும், வயிற்றில் இருக்கும் வாயு விரியும். சின்ன விமானங்களில் பெரிய விமானம் போல உள்ளே அழுத்தம் பராமரிப்பது இல்லை. கழிப்பறையும் இல்லை. சுண்டல், முட்டைக்கோஸ், சோடா கலந்த பானங்களை ஓட்டுபவர் தவிர்ப்பது நல்லது.

மூன்றாவது, தூக்கம். பிரியாணி, மோர்க்குழம்பு, பாயசம் என்று முழுக்கட்டுக் கட்டினால் கண் சொருகும். மதிய வெயிலில் குலுங்கும் விமானத்தில் அது உயிருக்கு ஆபத்து. அளவாகச் சாப்பிட்டு, ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்ப வேண்டும். பயணிகள் விமானங்களில் கேப்டனும் துணை பைலட்டும் வெவ்வேறு சாப்பாடு சாப்பிடும் பழக்கம் உண்டு. ஒன்று கெட்டுப்போயிருந்தாலும் இன்னொருவர் நலமாக இருப்பார். தனியாக ஓட்டுகிறவருக்கு அந்த இரண்டாவது ஆள் இல்லை.

நாலாவது, அவசரம். ‘ராத்திரிக்குள்ள வீட்டுக்குப் போயே ஆகணும்’ என்ற பிடிவாதம்தான் சின்ன விமான விபத்துகளில் திரும்பத் திரும்பப் பேசப்படும் காரணம். மேகம் கட்டினால் அந்த ஊரிலேயே ராத்திரிச் சாப்பாட்டையும் முடித்துக்கொள்வது நல்ல பைலட்டின் அடையாளம்.

இதை யார் செய்யலாம்?

தனியார் பைலட் லைசென்ஸ், அதாவது பிபிஎல் வேண்டும். வயது 17 நிறைந்திருக்க வேண்டும். பத்தாம் வகுப்பு தேர்ச்சி, மருத்துவத் தகுதி, எழுத்துத் தேர்வு, ரேடியோவில் பேசுவதற்கான தனி லைசென்ஸ், குறைந்தது 40 மணி நேரப் பறத்தல் அனுபவம் ஆகியவை தேவை. இந்த லைசென்ஸை வைத்துக் காசு வாங்கிக்கொண்டு யாரையும் ஏற்றிப் போகக் கூடாது. ‘தலைக்கு இவ்வளவு கொடுங்க, புதுச்சேரி கூட்டிட்டுப் போறேன்’ என்று சொன்னால் அது விதிமீறல். காசு வாங்கி ஓட்ட, 200 மணி நேர அனுபவத்தோடு வணிக பைலட் லைசென்ஸ் வேண்டும்.

செலவு? பயிற்சி விமானத்துக்கு மணிக்கு 15,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலே, புதுச்சேரி போய் வர ஏறி இறங்கும் நேரத்தையும் சேர்த்து ஒன்றரை மணி நேரத்துக்கு 22,500 ரூபாய். மூன்று பேர் போனால் ஒரு மீன் சாப்பாட்டின் பயணச் செலவு தலைக்கு 7,500 ரூபாய். நூறு டாலர் பர்கரை நம்ம ஊர் மீன் சாப்பாடு விட்டுவைக்கவில்லை.

பணக்காரர்கள் பொழுதுபோக்குக்கு இவ்வளவு விளக்கம் தேவையா?

கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால், இதில் ஒரு வேலைவாய்ப்பு விஷயம் இருக்கிறது.

வணிக பைலட் லைசென்ஸ் வாங்க, குறைந்தது 540 கிலோமீட்டர் தூரம் தனியாகப் பறந்து, வழியில் இரண்டு வெவ்வேறு விமான நிலையங்களில் இறங்கி ஏறியிருக்க வேண்டும். சென்னை-புதுச்சேரி-சேலம்-சென்னை என்று முக்கோணமாகப் போனால் சுமார் 575 கிலோமீட்டர். கணக்குச் சரியாக வந்துவிடும். அதாவது, பொழுதுபோக்கு பைலட் சாப்பாட்டுக்குப் போகும் அதே பாதையில்தான், கடன் வாங்கிப் படிக்கும் ஒரு நடுத்தர வீட்டுப் பிள்ளை எதிர்கால வேலைக்காகப் பறக்க வேண்டும். அந்தப் பிள்ளைக்கும் இறங்க ஓடுபாதை வேண்டும், நிரப்ப ஏவ்கேஸ் வேண்டும், மதியம் உட்கார்ந்து சாப்பிட ஒரு இடம் வேண்டும்.

2023-ல் மட்டும் நாட்டில் 1,600-க்கும் மேற்பட்ட வணிக பைலட் லைசென்ஸ்கள் வழங்கப்பட்டன. ஆனாலும், அமெரிக்கா, தென்னாப்பிரிக்கா, நியூசிலாந்து என்று வெளிநாடு போய்ப் பறந்து படித்துவிட்டு வரும் இந்திய மாணவர்கள் ஏராளம். நெரிசல் இல்லாத வானமும் நிறைய சின்ன விமான நிலையங்களும் அங்கே இருப்பது முக்கியக் காரணம். இங்கே பயிற்சிப் பள்ளிகளுக்காக இந்திய விமான நிலைய ஆணையம் தேர்வு செய்த இடங்களில் சேலமும் ஒன்று.

தமிழ்நாட்டில் ஓடுபாதைகளுக்குப் பஞ்சம் என்றும் சொல்ல முடியாது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் போட்ட ஓடுபாதைகள் உளுந்தூர்பேட்டை, கயத்தாறு, செட்டிநாடு ஆகிய இடங்களில் இருக்கின்றன. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் இருந்த ஓடுபாதை, பல ஆண்டுகள் கார், பைக் பந்தயங்களுக்குப் பேர் பெற்ற மைதானமாக இருந்தது. வேலூர், நெய்வேலி, ராமநாதபுரம் ஆகிய பெயர்கள் மத்திய அரசின் உடான் திட்டத்தில் வந்தன. புதிய பெரிய விமான நிலையம் என்றால் நிலம் கையகப்படுத்துவது, ஊரைக் காலி செய்வது என்று பெரிய கேள்விகள் வருகின்றன. பரந்தூரில் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். ஏற்கெனவே இருக்கும் பழைய ஓடுபாதையைச் சின்ன விமானங்களுக்காகச் சரிசெய்வது அந்த அளவு சிக்கலான வேலை இல்லை. அப்படி ஒன்று உளுந்தூர்பேட்டையில் உயிர் பெற்றால், நெடுஞ்சாலை ஹோட்டல்களுக்கு வானத்தில் இருந்தும் வாடிக்கையாளர் வருவார்கள்.

விமானம் இல்லாதவர்கள் கோவளம் போக?

தாம்பரம் பக்கம் இருப்பவர்களுக்கு வண்டலூர்-கேளம்பாக்கம் சாலை வழியாகக் கேளம்பாக்கம் வந்து, அங்கிருந்து கோவளம் போவது சுலபம். நகரத்தில் இருப்பவர்களுக்குக் கிழக்கு கடற்கரைச் சாலையே நேர் வழி. ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகு மீன்பிடித் தடைக்காலம். அந்த நாட்களில் பெரிய வஞ்சிரத்தை எதிர்பார்த்துப் போனால் விலை கையைச் சுடும். நாட்டுப் படகுகளுக்குத் தடை இல்லை என்பதால், அன்றன்று கரைக்கு வரும் மீன் எது என்று கேட்டுச் சாப்பிடுவது வயிற்றுக்கும் பர்ஸுக்கும் நல்லது. சங்கராவும் நெத்திலியும் வஞ்சிரத்துக்குக் குறைந்தவை அல்ல.

சுருக்கமாகச் சொன்னால்

* கோவளத்தில் சிறிய விமானம் இறங்க ஓடுபாதை இல்லை. மீனம்பாக்கம், தாம்பரம், கல்பாக்கம் என மூன்று பக்கமும் வானம் கட்டுப்பாட்டில் இருக்கிறது.

* சென்னையில் இருந்து பறந்து போய் மதியம் சாப்பிட்டுத் திரும்ப மிகப் பொருத்தமான ஊர் புதுச்சேரி. அடுத்து சேலம், திருச்சி.

* பயணத் திட்டம், வான் பாதுகாப்பு அனுமதி எண், எஃப்ஐசி எண், வானிலை, எரிபொருள் ஆகிய ஐந்தும் சரியாக இருந்தால்தான் கிளம்ப முடியும்.

* ஓட்டுபவருக்கு 12 மணி நேரம் மது கூடாது. சாப்பாடும் அளவோடுதான்.

* இந்த வசதிகள் பெருகினால் பயன் பொழுதுபோக்கு பைலட்டுகளுக்கு மட்டும் இல்லை. உள்ளூரிலேயே பறக்கக் கற்றுக்கொள்ள நினைக்கும் மாணவர்களுக்கும்தான்.